பத்துக்குப் பதினைந்தில் ஓர் அறை: கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஊரில் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது, அல்லது தோப்பில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அங்கே சின்னதாக ஒரு ரூம் போட்டு மாதத்தில் நான்கு நாளாவது போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. மேஸ்திரியைக் கேட்டால் யோசிக்காமல் "ரெண்டு மாசம் சார்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் கொத்தனாரை முக்கியமான இடத்துக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டு மற்ற வேலையை நாமே செய்யலாம் என்று இறங்குகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அவர் வேறு கணக்குப் போட வேண்டும். அதற்கு முதலில் மேஸ்திரியின் இரண்டு மாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தன் கையால் ஒரு சின்ன வீடு கட்டி, ஆன நாளையும் செலவையும் எழுதி வைத்தவர்களில் மிகவும் பேசப்பட்டவர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊருக்குப் பக்கத்தில், வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில் கட்டினார். 10 அடிக்கு 15 அடி, ஒரே அறை. 1845 மார்ச் கடைசியில் ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பைன் மரங்களை வெட்டத் தொடங்கினார். மே மாதத் தொடக்கத்தில் நண்பர்களைக் கூப்பிட்டு மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். ஜூலை 4 அன்று குடியேறிவிட்டார். கணக்குக்கு மூன்று மாதமும் சில நாட்களும். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட்.

இத்தனையும் பலருக்குத் தெரியும். அப்புறம் நடந்ததைத்தான் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் குடிபுகுந்த நாளில் சுவர்ப் பலகைகளுக்கு நடுவில் காற்று நுழைந்துகொண்டிருந்தது. புகைபோக்கியும் கிடையாது. அதை அந்த இலையுதிர் காலத்தில்தான் கட்டினார். உள்பூச்சு வேலைக்கு வரும்போது உறைபனிக் காலம் வந்துவிட்டது. பூச்சு வேலைக்காக நவம்பர் 12 இரவு வீட்டை விட்டுப் போனவர் டிசம்பர் 6 அன்றுதான் திரும்பி வந்தார். இருபத்து நான்கு நாள். அவ்வளவு சின்ன அறையைப் பூசுவதற்கு அத்தனை நாள் தேவையே இல்லை. பூசிய சுவர் அந்தக் குளிரில் காய வேண்டியிருந்தது. ஆக, தோரோவுக்கு எத்தனை நாள் ஆனது என்றால் இரண்டு பதில் இருக்கிறது: படுத்துத் தூங்க மூன்று மாதம், முடிக்க எட்டு மாதத்துக்கு மேல்.

வீட்டு வேலையில் கை வேலை ஒரு பாதி, காத்திருப்பு ஒரு பாதி. கை வேலை ஆளுக்கு ஆள் மாறும், பணம் கொடுத்தால் குறையும். காத்திருப்பு யார் சொன்னாலும் கேட்காது.

சரி, அதே 10க்கு 15 அளவை நம்மூரில் வைத்துப் பார்ப்போம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தரையிலிருந்து 10 அடி உயரம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல், மேலே கான்கிரீட் தளம்.

முதலில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம். சுவரின் நடுக்கோட்டை வைத்து அளந்தால் சுற்றளவு 53 அடி வரும். இரண்டரை அடி அகலம், நான்கு அடி ஆழம் என்றால் 530 கன அடி மண் எடுக்க வேண்டும். ஜேசிபி வந்தால் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போய்விடும். கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒருவர் இறங்கினால், பழகாத கைக்கு எட்டு முதல் பத்து நாள். தோரோ ஆறடிக்கு ஆறடி சதுரத்தில் ஏழடி ஆழ நிலவறையை இரண்டே மணி நேரத்தில் தோண்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். அது 252 கன அடி. மலைப்பாக இருக்கிறது, ஆனால் அவர் தோண்டியது மணற்சரிவு. சரளை கலந்த செம்மண்ணில் இரண்டு மணி நேரத்தில் முழங்கால் ஆழம் போனாலே பெரிய விஷயம். மண்ணைப் பார்க்காமல் நாள் சொல்லக் கூடாது என்று அனுபவப்பட்ட கொத்தனார்கள் சொல்வது இதனால்தான். கரிசல் நிலமாக இருந்தால் நிலைமையே வேறு. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண் அது. அங்கே கடைக்கால் இன்னும் ஆழம் போக வேண்டும், உள்ளே மணல் நிரப்ப வேண்டும், வேலை கூடும்.

கடைக்காலுக்குக் கருங்கல் கட்டும் வேலையை நாமே செய்யலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. கல்லுக்குக் கல் பொருத்துவது தனி வித்தை. இரண்டு கொத்தனார் வந்தால் ஐந்தாறு நாளில் பேஸ்மட்டம், அதாவது அறையின் தரை உயரம் வரை ஏற்றிவிடுவார்கள். மேலே பெல்ட் கான்கிரீட் (சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) போட்டு, உள்ளே மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க இன்னும் நான்கைந்து நாள். இந்த இடித்து இறுக்குவதில் அவசரப்பட்டால் இரண்டு வருடம் கழித்துத் தரை இறங்கும். அரை அடிக்கு ஒரு முறை மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, அடுத்த அரை அடி. பொறுமையைத் தவிர வேறு திறமை எதுவும் தேவையில்லாத வேலை, அதனால் சொந்தமாகச் செய்கிறவருக்கு மிகவும் ஏற்றது.

அடுத்தது சுவர். இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. கதவு, ஜன்னல் கழித்தால் 355 கன அடி கட்டு வேலை. கன அடிக்கு 13 செங்கல் வைத்தால் ஏறக்குறைய 4,600 கல். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 500, 600 கல் வைப்பார்கள். எட்டு, ஒன்பது நாள் வேலை. அதே சுவரைப் புதிதாகக் கரணை பிடிக்கிறவர் கட்டினால் நாளுக்கு 150 முதல் 200 கல் வைப்பதே பெரிது. இருபத்தைந்து முதல் முப்பது நாள்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கொத்தனாரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கல்லை முந்தின நாளே டிரம்மில் ஊறப்போட்டிருப்பார். உலர்ந்த கல்லை வைத்தால் அது கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிமானம் போய்விடும். ஊறும் கல்லிலிருந்து குமிழி வருவது நிற்க வேண்டும், அதுதான் அடையாளம். முதலில் இரண்டு மூலைகளையும் நான்கு வரி ஏற்றிக்கொண்டு, நடுவில் நூல் கட்டுவார். இடது கை கல்லை எடுக்கும்போதே வலது கை கலவையை இழுத்து விரித்திருக்கும். கல்லை வைத்து, கரணைக் கட்டையால் ஒரு தட்டு, வெளியே பிதுங்கிய சாந்தை வழித்துப் பக்கவாட்டில் அப்பிவிட்டு அடுத்த கல். தூக்குக்குண்டை நான்கைந்து வரிக்கு ஒரு முறைதான் தொங்கவிடுவார். புதியவர் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைப்பார், கல்லை எடுப்பார், கலவையைக் கொட்டி மறுபடி வைப்பார். முதல் வரியை முடிக்கவே மதியமாகிவிடும். அதில் தப்பே இல்லை. முதல் வரி கோணினால் மேலே இருபத்தெட்டு, முப்பது வரிக்கும் அந்தக் கோணல் ஏறும். நாலாவது நாளில் கை பழகிவிடும், பத்தாவது நாளில் வேகம் இரண்டு மடங்காகியிருக்கும்.

ஆனால் எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் ஒரே நாளில் ஒரு சுவரை நாலடி, ஐந்தடிக்கு மேல் ஏற்றக் கூடாது. கீழே உள்ள கலவை பச்சையாக இருக்கும். மேல் எடை தாங்காமல் சுவர் நகரும்.

இனி காத்திருப்பு. சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. மண் காய்ந்து இறுகும். சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும். அந்த வினை நடந்துகொண்டிருக்கும் வரை ஈரம் இருக்க வேண்டும். ஈரம் போனால் வினை நின்றுவிடும், கான்கிரீட்டுக்கு வர வேண்டிய பலம் பாதியில் நின்றுபோகும். சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட்டுகளில் ஒன்று முதல் சில நாட்களிலேயே பலம் கொடுக்கும். இன்னொன்று வாரக்கணக்கில் மெதுவாகக் கொடுக்கும். அதனால்தான் பொறியாளர்கள் கான்கிரீட்டின் பலத்தை 28ஆவது நாளில் சோதிக்கிறார்கள். ஏழாவது நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும்.

நம்மூர்க் கடைகளில் அதிகம் விற்பது பிபிசி (PPC) எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டு. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல்தான் அதில் சேர்வது. அந்தச் சாம்பல், சிமெண்டு வினையில் வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து பிறகுதான் பலம் தரத் தொடங்கும். முடிவில் நல்ல உறுதியான கான்கிரீட் கிடைக்கும், ஆனால் ஆரம்பம் மெதுவாக இருக்கும். அதனால் இந்தியத் தர விதி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது, சாம்பல் கலந்ததற்கு 10 நாள். கொளுத்தும் வெயிலிலும் 10 நாள். தளத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுப்பதற்கும் விதி உண்டு. நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14. நம் அறையின் குறுக்களவு மூன்று மீட்டர்தான். விதிப்படி 7 நாள் போதும். ஆனால் சாம்பல் கலந்த சிமெண்டு என்பதால் 14 நாள் விட்டுவைப்பதுதான் நல்லது, பெரும்பாலான மேஸ்திரிகளும் அப்படித்தான் செய்கிறார்கள். சென்ட்ரிங் வாடகையை மிச்சப்படுத்த ஐந்தாம் நாளே பிரிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தளம் தலைக்கு மேல் நிற்கிற பொருள்.

இப்போது மேஸ்திரியின் இரண்டு மாதத்தைத் திறந்து பாருங்கள். அவருடைய ஆட்கள் உண்மையில் வேலை செய்வது முப்பது, முப்பத்தைந்து நாள். கடைக்கால் கட்டுக்கு ஒரு வாரம், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டமான லிண்டலுக்குச் சில நாள், தளத்துக்கு இரண்டு வாரம், பூச்சுக்கு ஒரு வாரம் என்று ஈரத்தில் கிடக்கும் நாட்கள் ஏறக்குறைய அதே அளவு. அந்த நாட்களில் அவர் சும்மா இருக்க மாட்டார், அடுத்த தெரு வேலைக்குப் போய்விடுவார். "ஆளே வரலை" என்று நாம் கோபப்படுகிற நாட்களில் பாதி, ஆள் வரக் கூடாத நாட்கள்தான்.

சொந்தக் கையால் கட்டுகிறவருக்கு வேலை நாளைக் கூட்டினால் இப்படி வரும்: கடைக்கால் தோண்ட பத்து, கல் கட்டும் பெல்ட்டும் ஆள் வைத்து எட்டு, மண் நிரப்ப மூன்று, சுவருக்கு இருபத்தெட்டு, லிண்டலும் தளமும் சேர்த்து எட்டு, கதவு ஜன்னல் வயரிங் குழாய் என்று ஆறு, தரைக்கு மூன்று, பூச்சுக்கு இருபத்தைந்து, பெயிண்டுக்கு நான்கு. ஏறக்குறைய நூறு வேலை நாள். பூச்சுக்கு ஏன் இத்தனை என்றால், உள்ளும் புறமுமாக ஆயிரம் சதுர அடி வருகிறது. பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மணியாசுக்கட்டை பிடித்துப் பழகாத கைக்கு நாளுக்கு நாற்பது சதுர அடிக்கு மேல் ஓடாது. செங்கல் நன்றாக இருந்தால் வெளிப்பக்கத்தைப் பூசாமல் விட்டுவிடுங்கள். அழகாகவும் இருக்கும், பன்னிரண்டு நாளும் மிச்சம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைத்தான் வீட்டுக்கு வீடு செய்து காட்டினார். கல்லை நிமிர்த்தி வைத்து உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையையும் அவர்தான் பரவலாக்கினார். அதில் கால் பங்கு கல் குறையும். ஆனால் புதிய கைக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு கல்லையும் நிமிர்த்தி நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை.

நூறு நாள் என்பது தொடர்ந்து செய்தால் மூன்றரை மாதம். ஆனால் வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு. வருடத்துக்கு 104 நாள் என்று தோன்றும். மழை, கல்யாணம், காய்ச்சல், பண்டிகை எல்லாம் கழித்தால் எழுபது கிடைக்கும். ஒன்றரை வருடம். ஞாயிறு மட்டும் என்றால் மூன்று வருடத்துக்குக் குறையாது.

வாரக் கடைசியில் மட்டும் கட்டுகிறவருக்கு ஒரு லாபமும் ஒரு கஷ்டமும் இருக்கின்றன. லாபம், காத்திருப்பு கணக்கில் வராது. ஞாயிறு மாலை லிண்டல் போட்டால் அடுத்த சனிக்கிழமை அவர் வரும்போது ஐந்து நாள் தானாகவே கழிந்திருக்கும். கஷ்டம், அந்த ஐந்து நாளும் தண்ணீர் விட யாராவது வேண்டும். தளத்தில் வயலுக்குக் கட்டுகிற மாதிரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். சுவருக்கு அப்படி நிறுத்த முடியாது. சாக்கு போர்த்தினாலும் சித்திரை வெயிலில் காலை பதினொரு மணிக்கே காய்ந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசி, காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க ஒரு ஏற்பாடு செய்யாமல் முதல் கல்லை வைக்கவே கூடாது. கட்டுமானத்தில் மிகவும் மலிவான வேலை இது, மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

நேரம் கசிகிற இடம் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாமானை வெளியே எடுத்து, மணல் சலித்து, கல் நனைத்து, நூல் கட்டி முடிக்கும்போது மணி பத்தாகிவிடும். மாலையில் கழுவி எடுத்து வைக்க ஒரு மணி நேரம். எட்டு மணி நேர நாளில் கல் வைப்பது ஐந்து மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை இரவே போய்க் கல்லை நனைத்துவிடுகிறவர் வருடத்தில் பல நாட்களைச் சம்பாதிக்கிறார்.

எப்போது தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கூரை இல்லாத சுவரை அந்த மழையில் நனையவிடுவது நல்லதல்ல. திறந்த கடைக்காலோ குளமாகிவிடும். வாஸ்து பார்க்கிறவர்கள் ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கிலும் வேலை தொடங்க மாட்டார்கள். மார்கழியை விட்டுத் தையில் தொடங்குவது, நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்ல யோசனை. மழை ஓய்ந்து மண் தோண்டப் பதமாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், வெயிலும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. தையில் கடைக்கால் போட்டால், வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்தாலும், ஐப்பசி மழைக்கு முன் தளத்தைப் போட்டுவிடலாம். எட்டரை மாதம் இருக்கிறது, தளம் வரை வேண்டியது அறுபது நாளுக்குள்தான். பூச்சும் தரையும் மழைக்காலத்தில் உள்ளே நடக்கட்டும்.

மண் சுவர் என்றால் பருவம் தலைகீழ். மண்ணுக்கு வெயில் வேண்டும். பழைய ஆட்கள் அறுப்பு முடிந்த கோடையில்தான் மண் சுவர் வைத்தார்கள். மண்ணைக் குழைத்து, மிதித்து, ஒரு நாளைக்கு ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைத்துவிட்டு, அது இறுகும் வரை அடுத்த படை வைக்க மாட்டார்கள். பத்து அடிக்கு ஏழெட்டுப் படை. கை வேலை பத்து நாளுக்குள் முடிந்துவிடும், காய்வதற்கு மாதம் ஆகும். ஆரோவில் பக்கம் செய்கிற அழுத்திய மண் கல்லில் ஐந்து சதவீதம் அளவு சிமெண்டு சேர்வதால் அதையும் நான்கு வாரம் ஈரத்தில் வைத்துத்தான் கட்டுக்கு எடுக்கிறார்கள். கல்லை நீங்களே அழுத்தப்போகிறீர்கள் என்றால் அந்தக் காலத்தையும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலைக்கும் ஜன்னலுக்கும் மரம் வாங்குவதைக் கடைசி நேரத்துக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். பச்சை மரத்தில் செய்த கதவு ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும். அறுத்த பலகையை நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் ஆற விட வேண்டும். அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் கரையில் ரிச்சர்ட் ப்ரோனக்கி கட்டிய மரக் குடிலைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர் 1968 கோடையில் தனியாளாகக் கைக்கருவிகளை மட்டும் வைத்துக் கட்டி முடித்தார் என்று வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். அந்தக் கட்டைகளை அவர் 1967லேயே வெட்டி வைத்துவிட்டுப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பழகிய தச்சரும்கூட. அந்தக் குடில் இன்றும் நிற்கிறது, லேக் கிளார்க் தேசியப் பூங்கா அதைப் பராமரிக்கிறது.

அதனால் இடம் முடிவானவுடன் முதலில் போக வேண்டிய இடம் மரக்கடை. இரண்டாவது, அனுமதிக்கும் மின் இணைப்புக்கும் விண்ணப்பம். 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டத் தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து, விண்ணப்பிக்கிறவரே சான்று கொடுத்து அனுமதி பெறும் சுயசான்று முறை வந்திருக்கிறது. ஒரே அறைக்கு அது பெரிய ஆறுதல். விவசாய நிலமாக இருந்தால் அந்த வழி பொருந்தாது, உள்ளூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் நூல் கட்ட வேண்டும். காகிதம் நகரும் வாரங்களில் மரம் ஆறிக்கொண்டிருக்கட்டும்.

தளம் போட்டு முட்டு பிரித்து, கதவு மாட்டிவிட்டால் அன்றைக்கே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். தோரோ குடியேறியபோது அவ்வளவுதான் இருந்தது. வேலை நாள் கணக்கில் அது அறுபது சொச்சத்தில் வந்துவிடும், மிச்சம் முப்பதுக்கும் மேலே உள்ள நாளை உள்ளே இருந்துகொண்டே முடிக்கலாம். உள்பூச்சு பூசுகிற நாட்களில் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.